தீவுக்குப் பெருங்கடற்படை வேண்டுமா?

நாற்புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு எனப்படும். இதை நாம் எல்லோரும் சிறு வகுப்பிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். நாற்புறமும் நீர் என்றால் நாற்புறமும் காவல் வேண்டும். காவலுக்குக் கப்பல் வேண்டும். கப்பலும் ஆட்களும் எத்தனைக்கெத்தனை பெருகுகின்றனவோ அத்தனைக்கத்தனை நாடு பத்திரமாயிருக்கும் என்று அடுத்தடுத்து எண்ணிக்கொண்டு போவது மிக எளிது. பல அரசுகள் அப்படியே எண்ணிக் கோடி கோடியாகச் செலவிட்டும் இருக்கின்றன. அந்த எண்ணம் இன்றைக்கும் பொருந்துமா என்பதைத்தான் இங்கே ஆராயப் புகுகின்றோம்.

தீவு நாடு என்றவுடன் பெரும்பாலோருக்கு இங்கிலாந்து நினைவுக்கு வரும். நமக்கோ அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தேசப்படத்தை விரித்தால் நம் கரைக்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில், தமிழ்நாட்டின் பரப்பில் பாதியளவே உள்ள ஒரு தீவு இருக்கிறது. இலங்கையின் நிலப்பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை இரண்டேகால் கோடிக்குச் சற்றுக் குறைவு. தனக்கு எத்தனை பெரிய கடற்படை வேண்டும் என்ற கணக்கை இன்று அந்நாடே போட்டுக்கொண்டிருக்கிறது.

பொத்தேரி ஏரிக்கரை ஊர். இங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது. அலையைக் காண வேண்டுமானால் திருப்போரூர் வழியாய்க் கிழக்கே கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ போகவேண்டும். "இலங்கைக் கடற்படை பெரிதாயிருந்தால் என்ன, சிறிதாயிருந்தால் என்ன, உங்களுக்கென்ன அக்கறை?" என்று சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். நமது செங்கல்பட்டுக் கடற்கரையின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போருக்கு அந்தக் கேள்வியே எழாது. ஏழாம் நூற்றாண்டில் நாடிழந்து காஞ்சிக்கு வந்த மானவர்மன் என்ற சிங்கள இளவரசனுக்கு நரசிம்மவர்ம பல்லவன் கப்பலும் படையும் கொடுத்து அனுப்பினான் என்பதைச் சூளவம்சம் கூறுகிறது. முதல் முயற்சி பலிக்கவில்லை, மறுமுறை வென்றான். அப்படை மாமல்லபுரத் துறையிலிருந்தே புறப்பட்டிருக்கும் என்பர் சரித்திர ஆசிரியர். ஒருவழிப் போக்குவரத்தாகவும் இது இருந்துவிடவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு அனுப்பிய படை இராமேசுவரத்தில் வந்திறங்கிப் பாண்டிய நாட்டுச் சண்டையில் கலந்துகொண்டது. பர்மா வரைக்கும் அவன் கப்பல்கள் போயின.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் உள்ள டச்சுக் கோட்டையைச் சுற்றுலாவின்போது பார்த்தவர்கள் நம்மிடையே பலர் இருப்பார்கள். அக்கோட்டைக்கு எதிரே நடுக்கடலில் 1782-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் ஆங்கிலக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின. ஆங்கிலேயருக்கு ஹியூஸ், பிரெஞ்சுக்காரருக்கு சப்ரான் தலைமை. அன்றைய சண்டையில் வெற்றி தோல்வி தெளிவாகவில்லை. ஆனால் அவ்வாண்டு முழுவதும் இருவரும் எதற்காக ஓடி ஓடிச் சண்டையிட்டார்கள் என்பது கவனிக்கத் தக்கது. நமது சோழமண்டலக் கரை நேராக வெட்டினாற்போல் இருப்பது. ஐப்பசி, கார்த்திகைப் புயலில் கப்பல் ஒதுங்க இடமில்லை. ஒதுங்கத் தக்க இயற்கைத் துறைமுகம் அருகில் ஒன்றே ஒன்றுதான், அது திரிகோணமலை. ஜனவரியில் ஹியூஸ் அதை டச்சுக்காரரிடமிருந்து பறித்தார். ஆகஸ்டில் சப்ரான் அதை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். அந்தத் துறைமுகத்துக்கு உரிமையுடைய தீவு மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய கடற்படைகளின் பாதையில் கிடக்கும் சிறு தீவின் கதி இதுதான் என்று நினைக்கத் தோன்றுகிறது.

அதற்குப் பின் நூற்றைம்பது ஆண்டுக் காலம் தீவுக்குக் காவல் உலகின் மிகப் பெரிய கடற்படை. அந்தக் காவல் எப்படி இருந்தது? 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு ஒற்றை ஜெர்மன் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்துவிட்டு, இலங்கையைச் சுற்றிக்கொண்டு போய் வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. "அவன் பெரிய எம்டன்" என்று நம் பாட்டிமார் இன்றும் சொல்வதன் காரணம் அதுவே. 1942-இல் நிலைமை இன்னும் மோசம். ஏப்ரல் 5-ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று காலையில், ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9-ஆம் நாள் திரிகோணமலை. மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. ஆங்கிலேயரின் கீழைக் கப்பற்படை ஆப்பிரிக்கக் கரைக்குப் பின்வாங்கியது. இங்கே சென்னையை விட்டு மக்கள் மூட்டை முடிச்சுகளோடு கிராமங்களுக்கு ஓடினார்கள். கடற்படை பெரிதாயிருந்தால் மட்டும் போதும் என்பார்க்கு இந்த ஏப்ரல் மாதத்தை நாம் நினைவூட்டலாம்.

சுதந்திர இலங்கை தனக்கென்று கடற்படை அமைத்தது 1950 டிசம்பர் 9-ஆம் நாள். திரிகோணமலைத் தளத்தை ஆங்கிலேயர் 1957-இல் ஒப்படைத்தனர். ஆனால் அந்தச் சின்னஞ்சிறு படைக்கு விரைவிலேயே சோதனை வந்தது. அதுவும் கடலிலிருந்து வரவில்லை. 1962 ஜனவரியில் இராணுவ, போலீசு அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டுப் பிடிபட்டனர். முன்னாள் கடற்படைத் தளபதி ஒருவர் பெயரும் அதில் அடிபட்டது. அரசுக்குப் படையின் மேலிருந்த நம்பிக்கை போயிற்று, கடற்படை சுருக்கப்பட்டது. அதன் பலன் 1971 ஏப்ரலில் தெரிந்தது. தெற்கே இளைஞர் கிளர்ச்சி வெடித்தபோது தன் கரையைத் தானே சுற்றிவரவும் போதிய கப்பல் இல்லை. நமது இந்தியக் கடற்படைக் கப்பல்கள் சென்று தீவைச் சுற்றிக் காவல் புரிந்தன. கடற்படையே வேண்டாம் என்று வாதாடுவோருக்கு இது நல்ல பதில்.

இன்னொரு பதில் மாலத்தீவு. 1988 நவம்பர் 3-ஆம் தேதி ஏறத்தாழ எண்பது கூலிப்படையினர் கடல் வழியே வந்திறங்கித் தலைநகர் மாலேயைப் பிடிக்க முயன்றனர். இலங்கைத் தமிழ்க் குழு ஒன்றைச் சேர்ந்தவர்கள் அவர்கள். அந்தச் சிறு நாடு தன்னைத் தற்காத்துக்கொள்ள முடியாமல் உதவி கேட்டது. நமது விமானப் படை அன்றிரவே போயிறங்கியது. பிணையாளிகளுடன் கப்பலில் தப்பியோடியவர்களை கோதாவரி, பெத்வா ஆகிய இந்தியப் போர்க்கப்பல்கள் துரத்திப் பிடித்தன. எண்பது பேர் படகேறி வந்தால் ஒரு நாடே கைமாறிவிடக்கூடும் என்ற நிலை எந்தத் தீவுக்கும் வரக்கூடாது.

ஆகவே கடற்படை இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அது பெரும் படையாய் இருக்க வேண்டுமா என்பதே கேள்வி.

1983-க்கு முன் சில ஆயிரம் பேரைக் கொண்டிருந்த இலங்கைக் கடற்படை, உள்நாட்டுப் போரின் இறுதியில் ஐம்பதாயிரத்தை எட்டுமளவுக்கு வளர்ந்துவிட்டது. இன்றைய இங்கிலாந்துக் கடற்படையில் முழுநேரப் பணியில் இருப்போர் நாற்பதாயிரம் பேர் கூட இல்லை. உலகையே ஒரு காலத்தில் சுற்றி வளைத்திருந்த நாட்டைவிட இலங்கைக்குக் கடற்படை ஆட்கள் அதிகம்! கப்பல்களை எண்ணினாலோ கதை வேறு. பராக்கிரமபாகு, கஜபாகு, விஜயபாகு என்று பெயர்களெல்லாம் பேரரசர் பெயர்கள். முதலாவது 2019-இல் சீனா கொடுத்த பழைய கப்பல். மற்ற இரண்டும் அமெரிக்கக் கடலோரக் காவல் படை உழைத்துக் களைத்த பின் அன்பளிப்பாகத் தந்தவை. புதிதாகக் கட்டி வாங்கியவை என்று சொல்லத் தக்க பெரிய கப்பல்கள் கோவாவில் கட்டப்பட்ட சயுரால, சிந்துரால என்னும் இரண்டே. ஆள் பலம் ஐம்பதாயிரம், ஆழ்கடலுக்குப் போகக்கூடிய பெரிய கப்பல்களோ விரல்விட்டு எண்ணத் தக்கவை. அப்படியானால் மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள்? கரையிலே இருக்கிறார்கள்.

கரையிலே என்றால் யாருடைய கரை என்பதையும் பார்க்க வேண்டும். மன்னார் மாவட்டத்து முள்ளிக்குளம் நம்மைப் போன்ற கத்தோலிக்கர் வாழ்ந்த மீனவச் சிற்றூர். 2007-இல் மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஊர் கடற்படைத் தளமாயிற்று. போர் 2009-இல் முடிந்த பின்னும் அவர்கள் வீடு திரும்பவில்லை. ஆண்டுக்கணக்கில் காட்டோரம் குடிசை போட்டுக் காத்திருந்து, போராடி, 2017-இல் தான் ஒரு பகுதி நிலம் திரும்பக் கிடைத்தது. இரணைதீவு மக்கள் 1992-இல் இடம்பெயர்ந்தவர்கள். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து 2018 ஏப்ரலில் அவர்களே படகுகளில் ஏறித் தங்கள் தீவில் போய் இறங்கிவிட்டார்கள். யாரிடமும் ஆயுதம் இல்லை. கடற்படை பெரிதாயிருப்பதன் விலையை வரவு செலவுத் திட்டத்தில் மட்டும் தேடினால் போதாது. இத்தகைய ஊர்களிலும் தேட வேண்டும்.

"பெரிய படை இருந்ததனால்தானே போரில் வென்றார்கள்?" என்று கேட்கலாம். இதற்கு விடை வியப்பானது. விடுதலைப் புலிகளின் ஆயுதக் கிடங்குக் கப்பல்களை இலங்கைக் கடற்படை 2007-இல் தேடிப் போய் மூழ்கடித்தது. கடைசிக் கப்பல்கள் அவ்வாண்டு அக்டோபரில், ஆஸ்திரேலியாவுக்குரிய கொக்கோஸ் தீவுகளின் பக்கம், வெகு தொலைவில் மூழ்கின. அந்த வேலையைச் செய்தவை மூன்று நான்கு பழைய கப்பல்கள்: இந்தியா விற்ற சயுர, இந்தியக் கடலோரக் காவல் படை வாடகைக்குத் தந்த சாகர, அமெரிக்கா தந்த சமுதுர. போரின் போக்கை மாற்றியது தூரம் போகக்கூடிய சில கலங்களும், எங்கே போக வேண்டும் என்ற செய்தியும்தான். தலைகளின் எண்ணிக்கை அன்று. அந்த வெற்றியின் மறுபக்கத்தை முள்ளிவாய்க்கால் கடற்கரை அறியும். அது தனியே எழுத வேண்டிய துயரம்.

அடுத்து, இன்று அந்தத் தீவுக்குக் கடல்வழியே வரும் ஆபத்து எது? அயல்நாடு படையெடுத்து வரும் என்றால் அது யார்? இந்தியா என்று வைத்துக்கொண்டால் இதற்கான பரீட்சை 1987-லேயே நடந்து முடிந்துவிட்டது. ஜூன் 3-ஆம் தேதி இராமேசுவரத்திலிருந்து யாழ்ப்பாண மக்களுக்கு உணவும் மருந்தும் ஏற்றிச் சென்ற படகுகளை இலங்கைக் கடற்படை வழிமறித்துத் திருப்பியனுப்பியது. மறுநாளே இந்திய விமானங்கள் பறந்து சென்று அவற்றை வானிலிருந்து போட்டன. கடற்படை பத்து மடங்கு பெரிதாயிருந்தாலும் அந்தப் பொட்டலங்களைத் தடுத்திருக்க முடியாது. சீனா என்று வைத்துக்கொண்டாலோ, அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை எந்தப் போர்க்கப்பலும் வந்து பிடிக்கவில்லை. 2017-இல் காகிதத்தில் இட்ட கையெழுத்தினால் அது சீனக் கம்பெனிக்குத் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்குப் போயிற்று. கையெழுத்தைத் தடுக்க எந்தப் பீரங்கிக்கு வலு உண்டு?

உண்மையில் வந்த ஆபத்துகளின் பட்டியல் வேறாக இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப் பேரலை. நம் கல்பாக்கத்தையும் மாமல்லபுரத்தையும் தாக்கிய அதே அலைதான் திரிகோணமலையையும் காலியையும் தாக்கிற்று. தன் கரையிலேயே பிணங்கள் ஒதுங்கிக்கொண்டிருந்த வேளையிலும் இந்தியக் கடற்படை உடனே இலங்கைக்குக் கப்பல்களை அனுப்பியதை நாம் பெருமையோடு நினைவுகூரலாம்.

2020 செப்டம்பர் 3-ஆம் தேதி நியூ டயமண்டு என்ற எண்ணெய்க் கப்பல் இலங்கையின் கீழைக் கரைக்கு அப்பால் தீப்பிடித்தது. அதில் இருந்தது 2,70,000 டன் கச்சா எண்ணெய். மாலுமி ஒருவர் மாண்டார். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கடலோரக் காவல் படையும் பல நாள் போராடித் தீயை அணைத்தன; எண்ணெய்த் தொட்டிகள் உடையாமல் தப்பின. அவை உடைந்திருந்தால் வாகரையிலும் மட்டக்களப்பிலும் வலை வீசும் குடும்பங்கள் எத்தனை ஆண்டு அடுப்பை மூடிவைக்க நேர்ந்திருக்குமோ!

அடுத்த ஆண்டே அந்த அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. 2021 மே 20-ஆம் தேதி கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பலில் தீ மூண்டது. கொள்கலன் ஒன்றிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிந்ததை மாலுமிகள் முன்பே அறிந்திருந்தார்கள். இரு வாரம் எரிந்து ஜூன் 2-ஆம் தேதி அது மூழ்கத் தொடங்கியது. ஆயிரத்தறுநூறு டன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் குருணைகள் கடலில் கொட்டின. நீர்கொழும்பு வட்டாரத்துக் கரைகளில் அவை பனிபோல் படிந்தன. ஆமைகள் செத்து ஒதுங்கின. மீன்பிடிக்கத் தடை விதிக்கப்பட்டது. நீர்கொழும்பு மீனவர்களில் பெரும்பாலோர் நம் கோவளத்து மீனவர்களைப் போலவே கோயில் மணி கேட்டு எழுபவர்கள். ஐம்பதாயிரம் பேர் கொண்ட கடற்படை உள்ள நாட்டில் அந்நேரம் இல்லாதது, நடுக்கடலில் நின்று நாள்கணக்கில் தீயணைக்கக்கூடிய பெரிய இழுவைக் கப்பல். வாடகைக்கு அமர்த்திய கலங்களும் இந்தியக் கடலோரக் காவல் படையும் வந்தன.

சென்ற 2025 நவம்பர் இறுதியில் அடித்த டிட்வா புயல் இன்னும் யாருக்கும் மறந்திருக்காது. தீவெங்கும் வெள்ளமும் மண்சரிவும் ஏற்படுத்திய அதே புயலின் எச்சம் நம் கரைக்கு வெளியே வந்து நின்றுகொண்டு சென்னையையும் செங்கல்பட்டு மாவட்டத்தையும் நனைத்தெடுத்தது. இலங்கைக் கடற்படையின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கென்று நமது விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் அச்சமயம் கொழும்புக்குப் போயிருந்தது. விழாவுக்குப் போன கப்பல் நிவாரணப் பொருள்களை இறக்கிற்று. அதன் ஹெலிகாப்டர்கள் வெள்ளத்தில் சிக்கியோரைத் தூக்கின. பெரிய கப்பலால் இப்படியும் ஒரு பயன் உண்டென்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விக்ராந்தைப் போன்ற ஒன்றைக் கட்ட இலங்கையால் ஒரு நாளும் இயலாது, கட்டவும் தேவையில்லை. அண்டை வீட்டில் ஏணி இருந்தால் நாமும் ஒன்று வாங்கித்தான் தீர வேண்டும் என்பதில்லை அல்லவா?

அயலாரை நம்பியிருப்பது இழிவு என்பார் உளர். அவர்களுடைய கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. உதவிக்கு வருகிறவன் நாளை உத்தரவு போட வருவான் என்ற அச்சம் 1987-ஐக் கண்டவர்களுக்கு இருப்பது இயல்பு. ஆயினும் ஐஸ்லாந்தின் கதையை அவர்கள் சற்றுக் கேட்க வேண்டும். அதுவும் ஒரு தீவு நாடு. அதற்கு இராணுவமும் இல்லை, கடற்படையும் இல்லை. சில கலங்கள் கொண்ட கடலோரக் காவல் படை மட்டுமே உண்டு. தன் கடலில் ஆங்கிலேய இழுவைப் படகுகள் மீனை வாரிக்கொண்டு போவதைப் பொறுக்காமல், 1958-இல் பன்னிரண்டு மைல், 1972-இல் ஐம்பது மைல், 1975-இல் இருநூறு மைல் என்று தன் மீன்பிடி எல்லையை அது விரித்துக்கொண்டே போயிற்று. இங்கிலாந்து போர்க்கப்பல்களை அனுப்பித் தன் படகுகளுக்குப் பாதுகாப்பளித்தது. ஐஸ்லாந்துக்காரர் செய்தது என்ன? கொக்கி போன்ற ஒரு கருவியைக் கடலில் இழுத்துச் சென்று அந்நியப் படகின் வலைக்கயிற்றை அறுத்துவிட்டார்கள். வலை போனால் மீன் இல்லை. மீன் இல்லையேல் அங்கே நிற்க வேலை இல்லை. கப்பலோடு கப்பல் மோதியதுண்டு. குண்டு வீச்சும் நடந்ததுண்டு. ஆனால் எந்த மீனவனும் சுடப்பட்டுச் சாகவில்லை. அமெரிக்கர் தளத்தை மூடிவிடுவோம் என்ற மிரட்டலும் துணை நின்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1976 ஜூன் மாதம் இங்கிலாந்து பணிந்தது. இருநூறு மைல் என்பதே பிறகு உலகச் சட்டமாயிற்று. அந்தச் சட்டத்தினால்தான் இலங்கைக்கும் இன்று ஐந்து லட்சத்துப் பதினேழாயிரம் சதுர கிலோமீட்டர் கடல் உரிமை கிடைத்திருக்கிறது. நிலத்தைப் போல் ஏறக்குறைய எட்டு மடங்கு!

வலையறுப்பைப் பற்றி எழுதும்போது பாக்கு நீரிணையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கும் இழுவைப் படகுகள், அங்கும் எல்லை. 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தினால் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போயிற்று. 1976-ஆம் ஆண்டு ஏற்பாட்டில் ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் மீன்பிடிப்பது நிறுத்தப்பட்டது. ஆனால் மீனுக்கு ஒப்பந்தம் தெரியாது, வயிற்றுக்கும் தெரியாது. 2024-இல் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்ட நம் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றது. முந்தைய ஆண்டுகளில் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களின் குடும்பங்கள் இராமேசுவரத்திலும் புதுக்கோட்டைக் கரையிலும் நாகையிலும் இருக்கின்றன. மீன்பிடிக்கப் போனவனைப் போர்ப் படை எதிர்கொள்வது தகாது என்பது எங்கள் உறுதியான கருத்து. துப்பாக்கி பிடிக்கவே பயிற்சி பெற்றவனுக்கு எதிரில் வருவதெல்லாம் இலக்காகத் தோன்றும்.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இழுவைமடி கடலின் அடித்தரையைச் சுரண்டிக்கொண்டு போவது. குஞ்சும் முட்டையும் மிஞ்சாது. போர் முடிந்து முப்பதாண்டுக்குப் பின் வலையைக் கையிலெடுத்த யாழ்ப்பாணத்து, மன்னாரத்துச் சிறு மீனவர்களின் வலைகளை இரவோடிரவாக அறுத்துச் செல்பவை நம் விசைப்படகுகளே. அவர்களும் தமிழர், ஏழைகள். இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டப்படி தடைசெய்தது. நமது அரசும் அவ்வாண்டே பாக்கு விரிகுடா இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. மூன்றாண்டில் இரண்டாயிரம் படகுகளை மாற்றுவது குறிக்கோள். அதன் அருகில் கூட எட்டவில்லை. மாறிய படகு ஒவ்வொன்றும் ஒரு போர்க்கப்பலைவிட அந்த நீரிணையில் அமைதிக்கு உதவும் என்பதில் ஐயமில்லை. இருகரை மீனவர்களும் ஒருமித்துப் பேசாமல் அங்கே எதுவும் தீராது.

கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் தவக்காலத்தையொட்டி இரு கரையிலிருந்தும் மக்கள் போகிறார்கள். அங்கே இப்போதுள்ள புதிய கோயிலை 2016-இல் கட்டி முடித்தது இலங்கைக் கடற்படைதான். ஒரு கையால் கோயில் கட்டி மறு கையால் படகைப் பறிமுதல் செய்யும் விந்தையைப் பெரிய படைகளிடத்தில்தான் காணலாம். ஆட்கள் மிகுந்து வேலை குறைந்தால் படை எல்லா வேலைக்கும் போகும். தங்கும் விடுதி நடத்தும், கட்டடம் கட்டும், நிலம் பிடிக்கும். இதில் நல்லதும் கலந்திருக்கிறது என்பதற்காக அதை முறையானது என்று சொல்லிவிட முடியாது.

செலவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2022 ஏப்ரலில் இலங்கை, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென்று கைவிரித்தது. பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள். காகிதம் வாங்கப் பணமில்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வுகள் தள்ளிப்போயின. மாணவிகளாகிய எங்களுக்கு இது நெஞ்சில் தைக்கிறது. குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தனுஷ்கோடி மணல்திட்டில் வந்திறங்கிய குடும்பங்களைச் செய்தித்தாளில் கண்டோம். எத்தனை கடற்படை இருந்தும் அந்த வறுமைக்குக் காவல் இல்லாமற் போயிற்றே! அதன் பிறகே அரசு விழித்துக்கொண்டது. இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்த தரைப்படையை 2030-க்குள் ஒரு லட்சமாக்குவதென்று 2023 ஜனவரியில் அறிவித்தது. கடற்படையை 40,000 ஆக்குவதென்பதும் 2025-இல் வெளியான திட்டம். வரவேற்கத் தக்கது, ஆனால் நாற்பதாயிரமும் மிகை என்பதே எங்கள் கருத்து.

எட்டு மடங்குக் கடலைக் காக்கவும், அதைவிடப் பன்மடங்கு விரிந்த மீட்புப் பணிப் பரப்பில் மூழ்குவோரை எடுக்கவும், போதைப் பொருள் கடத்தும் படகுகளை மடக்கவும் தேவைப்படுவது நீண்ட தூரம் போய் நின்று வேலை செய்யும் கலங்கள். அத்தகைய கலம் ஒன்றுக்கு நூறு, நூற்றைம்பது மாலுமிகள் போதும். கரையில் வேலியடைத்து உட்கார்ந்திருப்போரில் பாதிப் பேரை முறையான ஓய்வூதியத்தோடு வீட்டுக்கனுப்பினால் மிஞ்சும் பணத்தில் ஆண்டுக்கொரு கப்பலைப் பழுது பார்த்தேனும் வைத்துக்கொள்ளலாம். திடீரென்று அனுப்பிவிடக் கூடாது. ஆயுதப் பயிற்சி பெற்ற இளைஞன் வேலையின்றி அலைவது எந்த நாட்டுக்கும் நல்லதன்று. பாக்கு நீரிணையின் காவலைக் கடற்படையிடமிருந்து எடுத்து, 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்துள்ள கடலோரக் காவல் திணைக்களத்திடம் கொடுக்கலாம். நமது பக்கத்தில் கடலோரக் காவல் படை இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ரோந்து போனால், படகு கவிழ்ந்தால் யார் எடுப்பது என்ற கேள்விக்காவது இடமிருக்காது. முள்ளிக்குளத்தில் மிச்சமுள்ள வீடுகளைத் திருப்பிக் கொடுக்கக் காசு பணம் எதுவும் வேண்டியதில்லை. அதை நாளைக்கே செய்யலாம்.

இந்துமாக்கடலின் கிழக்கு மேற்குக் கப்பல் பாதை தெய்வேந்திரமுனைக்குச் சில மைல் தெற்கே செல்கிறது. எண்ணெயும் அமிலமும் பிளாஸ்டிக்கும் ஏற்றிய கப்பல்கள் அவ்வழியே இரவும் பகலும் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஏதேனும் ஒன்று மறுபடியும் தீப்பிடிக்காது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கொழும்பு அடுத்து வாங்கப் போகும் கலத்துக்கு இன்னொரு பேரரசர் பெயரை வைத்தாலும் சரி, அது பீரங்கிக் கப்பலாக இல்லாமல் தீயணைக்கும் இழுவைக் கப்பலாக இருந்தால் நீர்கொழும்பு மீனவப் பெண்களோடு சேர்ந்து கோவளத்துப் பெண்களும் மகிழ்வார்கள்.